கார்டுக்கு முன் ஒரு கணக்கு

அன்புள்ள தம்பி,

தீபாவளி அங்பாவ் காசோடு அண்ணன் கொடுத்ததும் சேர்ந்து 1,500 வெள்ளி தேறியிருக்கிறது, எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் சார் என்று கேட்டிருந்தாய். உன் கேள்வி இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘கார்டை மாத்து, எல்லாம் பறக்கும்’ என்று யாரோ உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் உன் கணினி எங்கே திணறுகிறது என்று கேட்டிருக்க மாட்டார்.

உன் பெட்டியில் இருப்பது ரைசன் 5 1600, பி350 போர்டு, ஒரே குச்சியில் 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஒரு ஹார்ட் டிஸ்க். 2017 வாக்கில் வாங்கிய நல்ல பெட்டிதான். ஆனால் விளையாட்டில் திரைக்கு வரும் ஒவ்வொரு படமும் இரண்டு கை மாறி வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், சுவர் எங்கே இடிகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர். வரைவது கார்டு. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒருவர் ரொட்டி சானாய்க்கு உருண்டை பிடித்து வைக்க, இன்னொருவர் வீசிக் கல்லில் போடுகிறாரே, அதே வேலைப் பங்கீடு. வீசுகிறவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் உருண்டை வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எண்ணில் பார். ஒரு படத்துக்குப் பிராசசர் 14 மில்லிசெகண்டு எடுக்கிறது, உன் கார்டு 25 எடுக்கிறது என்று வைத்துக்கொள். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுவதால் மெதுவானதன் வேகம்தான் உன் வேகம். 1000-ஐ 25-ஆல் வகு, நொடிக்கு 40 படம். 8 மில்லிசெகண்டில் வரையும் கார்டைப் போட்டால் 125 வர வேண்டும் அல்லவா? வராது. இப்போது மெதுவானது பிராசசரின் 14. ஆகவே 71. இன்னும் அறுநூறு வெள்ளி கூடப் போட்டு 5 மில்லிசெகண்டு கார்டு வாங்கினாலும் அதே 71தான். அந்த அறுநூறு வெள்ளிக்கு நீ கண்ட பலன் ஒன்றுமில்லை.

இந்தச் சங்கதியை நான் முதலில் படித்தது ஜீன் அம்டாலின் கட்டுரையில். ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அவர். 1967-இல் ஒரு மாநாட்டுக்காக எழுதிய சின்னஞ்சிறு கட்டுரை அது. இன்று பாடப்புத்தகம் எல்லாம் ‘அம்டால் விதி’ என்று ஒரு சமன்பாட்டை அச்சடிக்கிறது. மூலக் கட்டுரையில் சமன்பாடே கிடையாது. பின்னால் வந்தவர்கள் எழுதிக்கொண்டதுதான். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும் மீதிப் பகுதி உன்னை இழுத்துப் பிடிக்கும் என்பது அதன் சாரம். மொத்த நேரத்தில் 60 சதவீதம் தின்னும் பகுதியை இரண்டு மடங்கு வேகமாக்கினால் மொத்தத்தில் 1.43 மடங்குதான் கிடைக்கும். அந்தப் பகுதியை நேரமே எடுக்காமல் செய்தாலும் 2.5 மடங்கைத் தாண்டாது. உன் விளையாட்டில் இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவதால் கணக்கு கொஞ்சம் வேறு, புத்தி ஒன்றுதான். நான் நூலகத்தில் தேடிப் படித்த கட்டுரை உனக்குக் கைப்பேசியிலேயே கிடைக்கும். கார்டு விமர்சன வீடியோ பார்க்கும் நேரத்தில் இதைப் படிக்கலாம்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. நீ ஆடும் விளையாட்டில் ஒரே இடத்தில் நின்று 1080-இல் எத்தனை படம் வருகிறது என்று குறித்துக்கொள். தெளிவுத்திறனை 720-க்கு இறக்கி அதே இடத்தில் மறுபடி பார். 42 இருந்தது 70-க்குத் தாவினால் குற்றவாளி கார்டு. 42 என்பது 43 ஆனால் பிராசசரோ ரேமோ. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 35 சதவீதம்தான் காட்டுகிறது என்று வாதாட வராதே. உன்னுடையதில் 12 திரெட். விளையாட்டின் முக்கிய வேலை ஒன்றிரண்டில் மட்டும் மூச்சு முட்டிக் கிடக்க, மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும்.

எனக்கு முதல் சந்தேகம் உன் ரேம் மேல். ஒற்றைக் குச்சி என்றால் நினைவகத்துக்குப் போகும் பாதை பாதி. அதிலும் முதல் தலைமுறை ரைசனில் உள் இணைப்பின் வேகமே ரேமின் வேகத்தோடு கட்டுண்டது. ஒரே ஜோடியாக விற்கும் இரண்டு 8 ஜிபி குச்சிகள் வாங்கு. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் செருகு. பிறகு பயோஸில் எக்ஸ்எம்பி-யை இயக்கு. பலர் இதைச் செய்யாமல் 3200 ரேமை 2133-இல் ஓட்டிக்கொண்டு ‘மெதுவாக இருக்கிறது’ என்று புலம்புகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். சைபர்பங்க் 2077கூட 2023-இல் எஸ்எஸ்டி-யைக் குறைந்தபட்சத் தேவையாக்கிவிட்டது. மாற்று.

சோதனையில் பிராசசர் மாட்டிக்கொண்டால் அதற்கும் வழி உண்டு. ஏஎம்4 சாக்கெட்டை ரைசனைத் தயாரிக்கும் நிறுவனம் பல ஆண்டுகள் விட்டுவைத்தது. 2022-இல் 300 வரிசைப் போர்டுகளுக்கும் ரைசன் 5000-ஐ அனுமதித்தார்கள். ரைசன் 5 5600 போட்டால் போர்டும் ரேமும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. உன் 1600 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே எனக்கு அதன் மேல் ஆசை.

குற்றவாளி கார்டுதான் என்று தெரிந்தால் தாராளமாக வாங்கு. கிள்ளானிலிருந்து கொமுட்டர், சென்ட்ரலில் மோனோரயில், இம்பியில் இறங்கி லோ யாட் பிளாசா. ஆனால் உன் போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்பதை மறக்காதே. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதையில் பேசும் கார்டு, உன் போர்டில் அது மூச்சு வாங்கும். ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை எட்டுப் பாதை, பெரிய இழப்பில்லை. டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி விளையாட்டுகள் ரே டிரேசிங் இல்லாத கார்டில் திறக்கவே மாட்டா, பழைய ஜிடிஎக்ஸ் ‘மலிவாக’ வருகிறதே என்று மயங்காதே. பவர் சப்ளையையும் திறந்து பார். உன் 1050 டிஐ போர்டிலிருந்தே 75 வாட் எடுத்துப் பிழைக்கும் வகை, 4060-க்கு 115 வாட், தனி எட்டு முனை இணைப்பு வேண்டும். பெயர் தெரியாத சப்ளை என்றால் முதலில் அதற்குக் காசு ஒதுக்கு.

5600 வாங்கினால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பி. பழையதைக் கழற்றிவிட்டால் புதியதை அடையாளம் தெரியாத போர்டு திரையில் ஒன்றும் காட்டாது. அதையும் காலையில் செய். பிற்பகலில் கிள்ளான் வானம் கறுத்து இடி இடிக்கத் தொடங்கிவிடும். பயோஸ் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் போர்டையே தூக்கிப் போட வேண்டி வரலாம்.

720, 1080 இரண்டு எண்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. விளையாட்டின் பெயரையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்,
பிரிக்பீல்ட்ஸ்