காப்புப் பிரதி எனும் அமானிதம்

2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, கப்பம் கோரும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. இத்தகைய தீநிரல் கோப்புகளைத் திறக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும். முறைமையுடன் இணைந்திருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அக்காலப்பகுதிக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

நம்பி ஒப்படைக்கப்படும் பொருளை அமானிதம் என்கிறோம். ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் வலையமைப்பையும் பராமரிக்கும் முறைமை நிர்வாகியிடம் இருப்பதும் அமானிதமே. பிறருடைய கடிதங்கள், கணக்குகள், பரீட்சைப் பெறுபேறுகள் யாவும் அவர் பொறுப்பில் உள்ளன. அவற்றைக் காக்கும் முதன்மையான வழி காப்புப் பிரதி. ஆனால், பிரதி எடுத்துவிட்டால் மட்டும் போதுமா?

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதற்கு விடை தருகிறது. அங்கு இரு தரவுத்தளச் சேவையகங்கள் இருந்தன. ஒன்று முதன்மையானது, மற்றையது அதன் நகல். நகலில் ஏற்பட்ட கோளாறைச் சீர்செய்த பொறியியலாளர், நகலில் இட வேண்டிய அழித்தற் கட்டளையை முதன்மைச் சேவையகத்தில் இட்டுவிட்டார். ஓரிரு செக்கன்களில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைற்று அழிந்து, 4.5 கிகாபைற்று மட்டுமே எஞ்சியது.

காப்புப் பிரதிகளைத் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. பிரதி எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6 பதிப்பு. இரண்டும் பொருந்தாததால் பிரதியெடுப்பு தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவித்த மின்னஞ்சல்களையும் பெறும் சேவையகம் நிராகரித்துவிட்டது. பிரதிகள் சேர வேண்டிய களஞ்சியம் வெறுமையாகக் கிடந்தது. விபத்துக்கு ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு தேவைக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த பிரதியே கைகொடுத்தது. சேவை மீள 18 மணித்தியாலங்கள் அளவில் சென்றன. சுமார் 5,000 செயற்றிட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. காரணங்களை எழுதி வெளியிட்டது. எந்தச் சேவையகத்தில் இருக்கிறோம் என்பது திரையில் தெளிவாகத் தெரியும்படி மாற்றங்கள் செய்தது. பிரதிகளிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று தானாகவே சோதிக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது.

நிர்வாகிகள் பின்பற்றும் எளிய விதி ஒன்று உண்டு. அதை 3-2-1 என்பர். தரவுக்கு 3 பிரதிகள் வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். 1 பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். தீநிரலுக்கு எட்டாதவாறு ஒரு பிரதியேனும் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பது நல்லது. இவற்றோடு, பிரதியை அவ்வப்போது மீட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி வெறும் நம்பிக்கைதான்.

இவ்விதி வீட்டுக்கும் பொருந்தும். கைப்பேசியிலுள்ள படங்கள் இணையச் சேமிப்பகத்திலும் இருப்பதால் கவலையில்லை எனப் பலர் நினைக்கிறோம். இரண்டும் ஒத்திசையும்படி அமைந்திருந்தால், கைப்பேசியில் அழித்தது அங்கும் அழிந்துவிடும். அது நகலே தவிர, காப்புப் பிரதி அன்று. உங்கள் செயற்றிட்ட அறிக்கையையும் குடும்பப் படங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதியெடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள். இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான் அது.