ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு

அன்புள்ள மருமகனுக்கு,

அறைத் தோழர்களோடு சேர்ந்து ஏர் பிரையர் வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பில்ஸ் அணியின் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு நீயே சிக்கன் விங்ஸ் செய்யப் போகிறாயாமே! ரொம்ப சந்தோஷம். நீ இருக்கிற பஃபலோதான் அதற்குத் தாய்வீடு. 1964-ல் அந்த ஊர் ஆங்கர் பாரில் தெரசா பெல்லிசிமோ என்ற அம்மாள் செய்து கொடுத்ததுதான் தொடக்கம் என்பார்கள். மாவு எதிலும் தோய்க்காமல் இறக்கையை அப்படியே பொரித்து, காரச் சாஸும் வெண்ணெயும் கலந்து பிரட்டுவதுதான் அந்த ஊர்ப் பக்குவம்.

மாவே இல்லாமல் எப்படி மொறுமொறுக்கிறது? அது தோலின் வேலை. இறக்கையில் கறி கொஞ்சம், தோல் அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு. அந்தக் கொழுப்பு உருகி, தோல் காய்ந்து சிவந்தால் போதும். ஏர் பிரையரில் மேலே சூடேறும் சுருளும் அதையொட்டி வேகமாகச் சுழலும் விசிறியும்தான் இருக்கின்றன. அதில் வேலை செய்வது சுடுகாற்று. தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். சரியாகக் காயாத வற்றலை எண்ணெயில் போட்டால் எப்படிப் பொரியாதோ, அப்படித்தான் இதுவும்.

நம் வீட்டுப் பழக்கத்தில் கோழி என்றாலே கழுவு, தயிர் ஊற்று, இஞ்சி பூண்டு விழுது தடவி ஊறவை என்போம். குழம்புக்கும் வறுவலுக்கும் அது சரி. இங்கே அத்தனையும் ஈரம். தவிர, 200 டிகிரி காற்றில் விழுதும் மிளகாய்த்தூளும் கருகிக் கசந்துவிடும். கோழியைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம். தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும். வேகும்போது அது தானே செத்துப்போகும்.

சனிக்கிழமையே வேலையைத் தொடங்கு. முழு இறக்கையாக வாங்கினால் மூட்டைத் தடவிப் பார்த்து, எலும்பில் படாமல் இடுக்கில் கத்தி வைத்து மூன்றாக வெட்டு. நுனித் துண்டுகளை எறியாதே; ரசம் வைக்கலாம். மற்றவற்றைப் பேப்பர் டவலால் ஒற்றியெடு. தாள் நனையாமல் வரும்வரை ஒற்ற வேண்டும். 1 கிலோவுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டீஸ்பூன் தூள் உப்பு போட்டுப் பிசிறு. டப்பாவில் அலுமினியம் இல்லை என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் வாயில் உலோக ருசி தட்டும். சமையல் சோடாவை மாற்றிப் போட்டுவிடாதே. பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையைச் சற்றுக் கூட்டி, சீக்கிரம் சிவக்க வைக்கும். பிறகு கம்பித் தட்டில் பரப்பி, அடியில் ஒரு தட்டு வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க விடு. காலையில் தொட்டால் தோல் காகிதம்போல் இருக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

உன் பிரையரில் ஃபாரன்ஹீட் கணக்குதான் இருக்கும். முதலில் காலியாகச் சூடாக்கு. கூடையில் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கு. நெருக்கி அடைத்தால் காற்று புகாது. இறக்கை ஆவியில் வெந்து தொளதொளவென்று ஆகிவிடும். 380-ல் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பு. பிறகு 400-ல் 5 முதல் 8 நிமிடம். நேரத்தை நம்புவதைவிட நிறத்தையும் வெப்பமானியையும் நம்பு. உள்ளே 165 வந்தால் சாப்பிடப் பாதுகாப்பு. 185 வரை விட்டால் எலும்போரச் சவ்வெல்லாம் இளகிக் கறி கழன்று வரும். அடுத்த ஈடு போடுமுன் அடியில் தேங்கிய கொழுப்பைக் கொட்டிவிடு, இல்லையேல் புகையும். எல்லா ஈடும் முடிந்ததும் மொத்தமாக 2 நிமிடம் சூடுகாட்டிப் பரிமாறு.

சாஸ் கடைசியில்தான், அதுவும் சாப்பிட உட்காரும்போதுதான். ஒரு பாதிக்கு உன் ஊர்க் காரச் சாஸும் வெண்ணெயும். பக்கத்தில் செலரித் தண்டு, புளூ சீஸ். மறு பாதிக்கு வெண்ணெயில் நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு, கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டு. கறிவேப்பிலையை பிரையருக்குள் போடாதே. காற்றில் பறந்து சுருளில் ஒட்டிக் கருகும்.

வெளியே வாங்கித் தின்பதே வழக்கமாகிவிட்ட வயதில், நாலு பேருக்குச் சமைத்துப் போட நினைக்கிறாயே, அந்த மனசை விட்டுவிடாதே. ஒரு நாள் முன்னதாக ஆரம்பி, கூடையை நிரப்ப அவசரப்படாதே. இந்த இரண்டும் இருந்தால் எந்த பிரையரிலும் நன்றாக வரும். முதல் ஈடு வந்ததும் எப்படி இருந்தது என்று போன் பண்ணு.

இப்படிக்கு,
அன்புடன் அத்தை