பழைய லெப்டொப்பும் சில்லறைச் செலவும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர் பலரிடம் பத்து வருடம் தாண்டிய லெப்டொப்கள் இருக்கின்றன. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதியது வாங்கும் யோசனையைப் பலரும் கைவிட்டனர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழையதை வைத்து வியாபாரம் செய்பவர், அதற்குள் தேய்ந்துபோகும் சின்னச் சாமான்களை அறிந்திருக்க வேண்டும்.

முக்கியமானது சீமோஸ் பெற்றரி. நாணயம் போன்ற 3 வோல்ட் பெற்றரி இது. பெரும்பாலும் சீஆர் 2032 என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதே அந்த எண்ணின் பொருள். லெப்டொப்பை அணைத்து வைத்திருக்கும்போதும் உள்ளே மணிக்கூட்டை ஓட வைப்பது இதுதான். இது தீர்ந்தால் திகதி பல வருடம் பின்னே போய்விடும்.

சின்ன விடயம்தானே என்று எண்ணாதீர்கள். மீனவருக்கு வலையும் கயிறும் கடனுக்குக் கொடுக்கிறோம். பில்லில் திகதி பிழைத்தால் எந்தக் கடன் முந்தியது, எது அடைபட்டது என்று வாக்குவாதம் வரும். இருபது வருட வாடிக்கையாளரும் முகம் திருப்பிக்கொள்வார். வங்கியின் இணையத்தளமும் திறக்காது. அதன் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகுமா என்பதை நமது கணினி தன் திகதியை வைத்தே பார்க்கிறது. பல லெப்டொப்களில் இந்தப் பெற்றரி வயருடன் வரும். ஆகவே பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

அடுத்து விசிறி. கச்சான் காற்றுத் தூசியும் கடற்கரை ஈரமும் சேர்ந்து அதை அடைத்துவிடும். திறந்து துப்புரவு செய்யும்போது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். பூசினார்களா என்று நின்று பார்ப்பதும் நல்லது!

பிரதான பெற்றரி வீங்கினால் டச்பேட் மேலே எழும்பும், மூடி சரியாகப் பொருந்தாது. அப்போது சார்ஜ் செய்வதை உடனே நிறுத்த வேண்டும். குத்தவோ அமத்தவோ கூடாது, தீப்பற்றும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் ஊர்ந்த இயந்திரம் ஓடும். அதற்கு முன் கணக்குகளை வேறொன்றில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பாகம் மாற்றித் தீராத குறையும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத லெப்டொப்பில் லினக்ஸ் போடலாம். இல்லையேல் இணையத்தைத் துண்டித்து, கடைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலையை வேறொன்றில் பாருங்கள்.