கேட்ட கதை, எழுதும் கதை, சொல்லும் கதை

நுழையும்முன்

ஏட்டில் ஏறுவதற்கு முன்பே கதைகள் நாவில் வாழ்ந்தன. எழுதப்படாத கதை, அதைச் சொன்னவரோடு மறைந்துபோகலாம். அக்கதைகளைக் கேட்கவும் எழுதவும் மீண்டும் சொல்லவும் இப்பாடம் வழிகாட்டுகிறது.

கேட்டல்

மாமியார் வீட்டில் கொழுக்கட்டையைச் சுவைத்த ஒருவன், அதன் பெயரை மறவாதிருக்க அதையே சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினான். வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. ‘அத்திரிபாச்சா’ என்று கூவித் தாண்டினான். கொழுக்கட்டை மறந்தது, அத்திரிபாச்சா நாவில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அத்திரிபாச்சா செய்யச் சொன்னான். மனைவி விழித்தாள். அவளை அடித்தான். அடிபட்ட இடம் கொழுக்கட்டைபோல் வீங்கிவிட்டதே என்று பிறர் வருந்தியபோதுதான் பெயர் அவன் நினைவுக்கு வந்தது.

தமிழகத்தில் பலரும் அறிந்த இக்கதை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். பல மாவட்டத்தார் குடியேறி வாழும் வண்டலூர், தாம்பரம் பகுதிகளில் ஒரே வகுப்பறையில் இதன் பல வடிவங்கள் கிடைக்கக்கூடும். அவற்றுள் எது சரி, எது பிழை என்று பார்த்தல் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தின் நினைவு.

எழுதுதல்

கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன், நாட்டுப்புறக் கதைகளையும் பெருமளவில் திரட்டினார். மக்களின் பேச்சுமொழிக்கு எழுத்தில் இடமுண்டு என்பதை அவர் பணி உணர்த்தியது.

ஜெர்மனியில் கிரிம் உடன்பிறப்புகள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில், ஹேன்சல், கிரெட்டல் என்னும் குழந்தைகளைக் காட்டில் விடத் தூண்டுபவள் பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். முதற்பதிப்பு இருப்பதாலேயே இம்மாற்றத்தை நாம் அறிகிறோம். ஆகவே, கேட்டதைக் கேட்டவாறே எழுதுதல் தொகுப்பவரின் கடமை.

சொல்லுதல்

சொல்பவருக்கோ உரிமை மிகுதி. கணவன் அடிப்பதை நகைச்சுவையாகக் கேட்டுச் சிரித்த காலம் இருந்தது. இன்று அவ்விடத்தில் நாம் சிரிக்கலாமா? அடியை நீக்கிக் கொழுக்கட்டையை வேறு வழியில் நினைவூட்டலாம். மனைவியை எதிர்த்துப் பேசவும் வைக்கலாம். பழைய வடிவம் ஏட்டில் இருக்கட்டும். புதிய வடிவம் நாவில் வளரட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கதை கேட்டு, அவர் பேச்சுவழக்கிலேயே எழுதுக. அவருடைய ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுக.
2. அதே கதையின் வேறு வடிவத்தை வகுப்பில் கண்டறிந்து ஒப்பிடுக.
3. நீங்கள் உடன்படாத ஒரு நிகழ்வை மாற்றி அக்கதையைச் சொல்க. மாற்றியதற்கான காரணத்தையும் கூறுக.