டயோடு வேலைக்கு டிரான்சிஸ்டர்: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, காங்கேயம் வீட்டு மாடியில் சின்த் ஃபில்டர் கட்டப் போகிறேன் என்றாயே, ரொம்ப சந்தோஷம். நீ எடுத்திருப்பது ரோலண்ட் டிபி-303 பாணி டயோடு ஏணி. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ ஆல்பத்துக்கு வாசித்த பெட்டி அது. அந்த ஏணியில் இருப்பவை டயோடுகளே அல்ல. பேஸும் கலெக்டரும் சேர்த்துக் கட்டிய டிரான்சிஸ்டர்கள்.

பிசி547 வாங்கிக்கொள். தட்டையான முகம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இடப்பக்க இரண்டு காலையும் ஒன்றாக்கி ஈயம் வை, டயோடு தயார். வேறு நம்பர் என்றால் கால் வரிசை மாறும். டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் கை வைக்காதே.

1என்4148 போட்டால் ஆகாதா என்று கேட்பாய். ஓடும், ஆனால் கணக்கு தப்பும். கரண்ட் கூடக்கூட டயோடின் ரெசிஸ்டன்ஸ் குறைகிறது, அதை வைத்துத்தான் ஃபில்டரின் கட்-ஆஃப் நகர்கிறது. இப்படிக் கட்டிய டிரான்சிஸ்டர் 1 மில்லிஆம்பியரில் சுமார் 26 ஓம், அதில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் 260 ஓம் என்று சொன்ன பேச்சு கேட்கும். 1என்4148 அதே கரண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும்.

ஜோடி சேர்ப்பதில்தான் பொறுமை வேண்டும், கண்ணு. மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து ஒவ்வொன்றாக அள. ஒரே படியில் இடமும் வலமும் நிற்கிற இரண்டும் 1 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகட்டும். ஒத்துப்போகாவிட்டால் கட்-ஆஃபைத் திருகும்போதெல்லாம் ‘தட்’டென்று சத்தம் வரும். அளக்கும்போது விரலால் பிடிக்காதே, கிளிப்பில் மாட்டு. ஒரு டிகிரி சூடு ஏறினாலே சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கிவிடும். தகரக் கூரைக்கடியில் மத்தியான வெயிலில் வேண்டாம். விடிகாலையில், ஃபேனை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அளந்து முடி.

கெப்பாசிட்டரில் டிபி-303 மூன்று படிக்கு 0.033 மைக்ரோஃபாரட், ஒரு படிக்கு மட்டும் 0.018 வைத்திருக்கிறது. அதைச் சமமாக்கிவிடாதே.

உள்ளே போகும் சிக்னல் சின்னதாக இருக்கட்டும். 100 கிலோ ஓமும் 220 ஓமும் வைத்துப் பிரித்தால் 5 வோல்ட் 11 மில்லிவோல்ட்டாகும். அதைவிட ரொம்பக் கூட்டினால் ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்பு பிடித்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்.

ஏணிக்கு எட்டே போதும் என்று எண்ணி வாங்கிவிடாதே. ஒரே லாட்டில் ஐம்பது வாங்கு, அப்போதுதான் ஜோடி கிடைக்கும்.