அந்தி வானத்தின் கீழ் மனிதர்கள்

கேள்வி: வாட்டர்கலரில் அந்தி வானம் ஓரளவு வருகிறது. ஆனால் அதில் மனிதர்களை வரைந்தால், வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறார்களே, ஏன்?
– வாசகி, காரைக்குடி

பதில்: பெரும்பாலும் கறுப்பு வண்ணம்தான் காரணம். டப்பாவிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே பூசினால், அந்த இடத்தில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து பாருங்கள். கருமை வரும், அதற்குள் உயிரும் இருக்கும். வெளிச்சம் படும் தோளிலும் தலை ஓரத்திலும் மட்டும் வானத்தின் ஆரஞ்சை மெல்லிய கோடாக விட்டுவையுங்கள்.

அடுத்தது பாதம். அதை வரையவே வேண்டாம்! கால் பகுதி ஈரமாக இருக்கும்போதே சுத்தமான பிரஷ்ஷால் கீழே இழுத்து, தரையோடு கரைத்துவிடுங்கள். சூரியன் எதிரே இருப்பதால் நிழல் நம்மை நோக்கி நீளும். அந்த நிழல்தான் ஆளைத் தரையில் நிறுத்துகிறது. சமதரையில் நின்று பார்க்கும் காட்சியானால், உங்கள் உயரமுள்ளவர்களின் தலைகள், அருகில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், தொடுவானக் கோட்டிலேயே இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857–59இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 'ஏஞ்சலஸ்' ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தலைகுனிந்து பிரார்த்திக்கிறார்கள். முகங்கள் நிழலில் மங்கியிருக்கின்றன. குனிந்த கழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

ஒரு வாரம் வானத்தை விட்டுவிடுங்கள். மாலையில் தெருவில் நடப்பவர்களை, ஆளுக்கு அரை நிமிடம் வைத்து, பிரஷ்ஷாலேயே வரைந்து பழகுங்கள்.