நாசில் ஒழுகினால் நம்ம வண்டியும் ஒரு சிம்னிதான்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் டீ குடிக்க நின்றால் ஆலைப் புகையைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. அன்றைக்குக் குடிகாட்டில் நானும் பேசிவிட்டு என் பழைய டீசல் காரை ஸ்டார்ட் செய்தேன். பின்னால் கறுகறுவென்று புகை. "சார், ஆலைக்காரங்கள அப்புறம் கேக்கலாம், முதல்ல உங்க நாசிலைப் பாருங்க" என்றார் அங்கே நின்ற மெக்கானிக் தம்பி. வெட்கமாகிவிட்டது. அவர் பட்டறையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டிராக்டருக்கும் இதே பாடம்தான்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அப்போது டீசல் பனிமூட்டம் மாதிரி உள்ளே வந்தால் தானே பற்றிக்கொள்ளும். அப்படித் தூவுவதுதான் இன்ஜெக்டர். அதன் முனை நாசில்; பட்டறையில் முழுசையுமே நாசில் என்கிறார்கள்.

உள்ளே ஓர் ஊசி இருக்கிறது. அதை ஸ்பிரிங் அழுத்தி மூடி வைத்திருக்கும். பம்பிலிருந்து வரும் டீசலின் அழுத்தம் சுமார் 200 பார் ஆனதும் ஊசி எழும்பும், டீசல் பீய்ச்சும். அழுத்தம் இறங்கினால் மூடிக்கொள்ளும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சிஆர்டிஐ வண்டிகளில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அதில் ஊசி எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் மின்சாரம் அனுப்பி முடிவு செய்கிறது.

டிராக்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு நாசிலும் 1,000 தடவை பீய்ச்சும். ஒரு மணி நேரத்தில் 60,000 தடவை!

ஜீவாமிர்தத்தை வடிகட்டாமல் சொட்டுநீர்க் குழாயில் விட்டவர்களுக்கு அடைப்பு என்றால் என்னவென்று தெரியும். நாசில் துளை அதைவிடப் பொடிசு. பல வண்டிகளில் கால் மில்லிமீட்டர் அளவுதான். தூசி அதை அரிக்கும், கரி அடைக்கும், தண்ணீர் ஊசியைத் துருப்பிடிக்க வைக்கும். அப்புறம் தூவல் போய் ஒழுக்கு வரும். பெரிய துளிகள் முழுசாக எரியாது. அதுதான் கறுப்புப் புகை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் தேயும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, இழுவை குறைவது, மைலேஜ் இறங்குவது எல்லாம் முன்னறிவிப்பு.

செய்ய வேண்டியவை:

1. டீசல் பில்டரைக் கையேட்டில் சொன்ன கணக்குப்படி மாற்றுங்கள். அடியில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுங்கள். அதை மண்ணில் ஊற்றாமல் டப்பாவில் பிடியுங்கள்.

2. கேனில் வாங்கும் டீசலைத் தெளியவிட்டு, வடிகட்டி ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. பம்புக்கும் ஊசிக்கும் மசகு டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு.

3. புகை வந்தால் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். அது அடைத்தாலும் கறுப்புப் புகைதான் வரும். அது சுத்தமாக இருந்தால் நாசிலைக் கழற்றி, பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. துளையை ஊசி, கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் நாசில் போச்சு.

5. பீய்ச்சும் டீசல் முன்னால் கை வைக்காதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் காரில் ஏர் பில்டர் நன்றாக இருந்தது. நான்கு நாசிலில் இரண்டு ஒழுகின. சில நூறு ரூபாய் பில்டரைத் தள்ளிப் போட்டதற்கு ஆயிரக்கணக்கில் செலவு. இப்போது புகை இல்லை. உப்பனாற்றங்கரை ஆலைகளைக் கேள்வி கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை. என் வண்டியைச் சரிசெய்துவிட்டுக் கேட்கிறேன், அவ்வளவுதான்.